விண்டோஸ் போன் கட்சி

2010 அக்டோபரில் விண்டோஸ் போன் 7 வந்தபோது மைக்ரோசாப்ட் ஒரு விளம்பரப் படம் எடுத்தது. நடக்கும்போதும் ஓடும்போதும் வீட்டார் பக்கத்திலேயே இருக்கும்போதும் போனிலேயே கண்ணாக இருக்கிறவர்கள் அதில் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். போன்களிடமிருந்து நம்மைக் காப்பாற்ற ஒரு போன் வேண்டும் என்பதுதான் படம் சொன்ன சேதி. எடு, பார், வேலையை முடி, பையில் போடு. போன் வியாபாரத்துக்கு வந்த ஒரு நிறுவனமே போனைக் குறைவாகப் பார்க்கச் சொன்னது. அந்தப் பேச்சை நம்பி அந்தப் பக்கம் போனவன் நான். இன்றைக்கும் அது சரியான பேச்சு என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் போவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தமிழ்நாட்டில் அப்போது போன் என்றாலே நோக்கியாதான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை திறந்தது. பள்ளிப்படிப்பை முடித்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய், வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தார்கள். அந்த நோக்கியா 2011 பிப்ரவரியில் தன் சிம்பியன் இயங்குதளத்தை ஓரங்கட்டிவிட்டு, இனி எங்கள் ஸ்மார்ட்போன் விண்டோஸ் போனில்தான் என்று லண்டனில் அறிவித்தது. ஊரெல்லாம் ஆண்ட்ராய்டு பக்கம் போய்க்கொண்டிருக்க, நான் நோக்கியாவோடு போனேன்.

நான் வாங்கியது லூமியா 520. 2013-ல் இந்தியாவில் சுமார் 10,500 ரூபாய்க்கு வந்தது. நாலு அங்குலத் திரை, 512 எம்பி ராம். முன்பக்க கேமரா கிடையாது, பிளாஷும் கிடையாது. பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றலாம், பேட்டரியை நாமே மாற்றலாம். பக்கவாட்டில் கேமராவுக்கென்று தனிப் பட்டன். பாதி அழுத்தினால் போகஸ் ஆகும், முழுக்க அழுத்தினால் படம் விழும். பூட்டிய போனில்கூட அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் கேமரா திறந்துவிடும். ஓடுகிற குழந்தையைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டனின் அருமை தெரியும். இன்றைய விலையுயர்ந்த போன்கள் பலவற்றில் அது இல்லை.

ஆனால் என்னைப் பிடித்துவைத்தது முகப்புதான். கறுப்புப் பின்னணியில் சதுரச் சதுரமாக டைல்கள். அந்தக் காலத்து ஐபோனில் குறிப்பேடு என்றால் தோல் அட்டையும் மஞ்சள் தாளும், புத்தக அலமாரி என்றால் மரப்பலகையும் வரைந்து வைத்திருப்பார்கள். விண்டோஸ் போனில் அப்படி எதுவும் கிடையாது. பெரிய, மெலிந்த எழுத்துகள், நிறைய வெற்றிடம், ஒற்றை வண்ணம். ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் வழிகாட்டும் பலகைகளின் பாணியிலிருந்து எடுத்தது; மெட்ரோ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். டைல் என்பது ஆப்பின் படம் மட்டுமல்ல. எத்தனை மெயில் வந்திருக்கிறது, அடுத்த சந்திப்பு எத்தனை மணிக்கு, மழை வருமா என்பதெல்லாம் அதன் மேலேயே தெரியும். உள்ளே நுழையாமல் வாசலில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது மாதிரி. அதற்காக ஆப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். சர்வரிலிருந்து வரும் துணுக்கை வாங்கி டைல் காட்டிவிடும். 512 எம்பி ராமை வைத்துக்கொண்டு அந்த போன் வழுக்கிக்கொண்டு ஓடியதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். அதே விலையில் அன்றைக்கு விற்ற ஆண்ட்ராய்டு போன்கள் ஒரு படத்தைத் திறக்கவே திணறின.

இன்னொன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த போன் ஆளை முன்னால் வைத்தது, ஆப்பைப் பின்னால் வைத்தது. அப்பாவின் பெயரை முகப்பில் ஒரு டைலாகப் பதித்திருந்தேன். தொட்டால் அவருடைய எண், அவர் பேஸ்புக்கில் போட்டது, அவர் படங்கள், எனக்கும் அவருக்கும் இடையில் நடந்த அழைப்பு, எஸ்எம்எஸ், மெயில் எல்லாம் பக்கவாட்டில் தள்ளத் தள்ள வரும். அவர் எதன் வழியாக அனுப்பினார் என்று நான் தேட வேண்டியதில்லை. எஸ்எம்எஸ்ஸில் தொடங்கிய பேச்சைப் பேஸ்புக் சாட்டில் தொடர்ந்தாலும் ஒரே இழையில் இருக்கும். போன் என்பது மனிதர்களோடு பேசுவதற்கு என்ற எண்ணத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. பிறகு 8.1 பதிப்பில் அந்தப் பேஸ்புக் இணைப்பைக் கழற்றி, தனி ஆப்பில் போய்ப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அந்த போன் தன் அடையாளத்தை இழக்கத் தொடங்கியது அங்கேதான் என்பது என் கருத்து. கடைகள் கைவிட்டது, ஆப்காரர்கள் கைவிட்டது எல்லாம் இதற்கு அப்புறம்தான் எனக்குக் கணக்கு.

வெளியே நிலைமை வேறு. கல்யாண வீடுகளில் போனைக் கையில் எடுத்தாலே யாராவது வாங்கிப் பார்ப்பார்கள். டைல்கள் புரளுவதை ரசிப்பார்கள். அடுத்த கேள்வி ஆப் பற்றியதாக இருக்கும். அக்கா மகன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "என்ன மாமா, இன்னுமா இதை வச்சிருக்கீங்க? ஆண்ட்ராய்டுக்கு மாறுங்க மாமா" என்பது அவன் வாயில் வணக்கத்துக்குப் பதிலாக வரும். சென்னை ரிச்சி தெருவில் ஸ்கிரீன் கார்டு கேட்டால் கடைக்காரர் போனைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "லூமியாவா? சாம்சங் சைஸை வெட்டித் தரட்டுமா சார்?" என்பார். வெட்டித் தந்ததை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு கோடு விடுபட்டிருக்கும். அது எனக்கு உறுத்தியதே இல்லை.

உறுத்தியது வேறு. 2012 ஜூனில், விண்டோஸ் போன் 8 வரும், ஆனால் 7 வைத்திருக்கிறவர்களுக்குக் கிடையாது என்றார்கள். அடித்தளத்தையே விண்டோஸ் சிஇ-யிலிருந்து கம்ப்யூட்டர் விண்டோஸின் என்டி கருவுக்கு மாற்றியதால் பழைய போன்கள் அதைத் தாங்காது என்பது காரணம். தொழில்நுட்பரீதியில் நியாயம் இருக்கலாம். ஆனால் லூமியா 900 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கியவர்களுக்கு ஆறுதலாக 7.8 என்று ஒரு பதிப்பு வந்தது. நாலு வருஷம் கழித்து விண்டோஸ் 10 மொபைல் வந்தபோது அதே கதை. 512 எம்பி ராம் கொண்ட பழைய லூமியாக்களுக்கு அது அதிகாரபூர்வமாக வரவில்லை. விண்டோஸ் போன்களிலேயே அதிகம் விற்றது என் 520. அதிகம் பேர் நம்பி வாங்கிய போனைத்தான் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

போன் செய்கிற மற்ற நிறுவனங்கள் ஏன் பெரிதாக வரவில்லை என்பதற்குக் காரணம் எளிது. ஆண்ட்ராய்டு உரிமக் கட்டணம் இல்லாமல் கிடைத்தது. விண்டோஸ் போனுக்கு ஒவ்வொரு கருவிக்கும் மைக்ரோசாப்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில்தான் சின்னத் திரைக் கருவிகளுக்கு அதை ரத்து செய்தார்கள். அதற்குள் ஊர் முழுக்க ஆண்ட்ராய்டு பரவிவிட்டது. ஆள் குறைவு என்பதால் ஆப் எழுதமாட்டார்கள், ஆப் இல்லை என்பதால் ஆள் வரமாட்டார்கள். 2013-ல் மைக்ரோசாப்டே யூடியூபுக்கு ஒரு ஆப் எழுதி வெளியிட்டது. விளம்பரம் இல்லாமல் ஓடுகிறது, தரவிறக்க விடுகிறது என்று கூகுள் ஆட்சேபித்தது. திருத்தி ஆகஸ்டில் வெளியிட்டதையும் கூகுள் முடக்கியது.

அந்த வறட்சியில் எங்களைக் காப்பாற்றியது ரூடி ஹுயின் என்ற பிரெஞ்சு நிரலாளர். இன்ஸ்டாகிராம் கைவிட்ட இடத்தில் 6டேக், ஸ்னாப்சாட் கைவிட்ட இடத்தில் 6ஸ்னாப் என்று தனியாளாக எழுதிக்கொடுத்தார். பிறகு விண்டோஸ் போனுக்கு வந்த இன்ஸ்டாகிராமின் சொந்த ஆப்பைவிட 6டேக் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பற்று மட்டும் பேசுவதல்ல. விண்டோஸ் போனில் வீடியோ ஏற்றும் வசதி 6டேக்கில்தான் முதலில் வந்தது. 2014 கடைசியில் வெளியார் எழுதிய ஆப்கள் எதுவும் கூடாது என்று ஸ்னாப்சாட் சொல்லிவிட, 6ஸ்னாப் போனது. முகம் தெரியாத ஒரு மனிதர் தன் ராத்திரிகளைச் செலவழித்து எழுதியதை, முகம் தெரியாத நாங்கள் நன்றியோடு பயன்படுத்தினோம். பெரும்பான்மைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த உறவு வாய்ப்பதில்லை.

மேலே, பெரிய நாற்காலிகளில் நடந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2013-ல் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பேற்றார். ஹைதராபாத்காரர் சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் மைக்ரோசாப்டின் தலைமைக்கு வந்தார். நோக்கியாவின் போன் பிரிவை வாங்கும் யோசனைக்கு உள்ளே தான் எதிராகவே வாக்களித்ததாக நாதெள்ளா பிற்பாடு தன் புத்தகத்தில் எழுதினார். ஆனால் அவர் பதவிக்கு வந்த பிறகு, அந்த ஏப்ரலில்தான் கைமாற்றம் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வரி வழக்கினால் அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. 2015 ஜூலையில் மைக்ரோசாப்ட் 760 கோடி டாலரை நட்டக்கணக்கில் எழுதி, 7,800 பேரை அனுப்பியது. எந்த நோக்கியாவை நம்பி நான் இந்தப் பக்கம் வந்தேனோ, அது எங்கள் மாவட்டங்களிலிருந்து முதலில் போனது. சோறு போட்ட இடம் போனபோது, டைல் பற்றிய என் கவலை எனக்கே சிறிதாகத் தெரிந்தது.

இருந்தும் போனை மாற்றவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். டிசம்பர் 30-ல், போனிலிருந்தே பணம் அனுப்பும் பீம் ஆப் வந்தது. முதலில் ஆண்ட்ராய்டுக்கு, பிறகு ஐபோனுக்கு. டீக்கடை மேசையில் கியூஆர் அட்டை வந்தது, காய்கறி வண்டியில் வந்தது. என் வங்கியின் ஆப் விண்டோஸ் போனில் பெயருக்கு இருந்தது. பணம் அனுப்பப் போனால் பாதியில் நின்றுவிடும். *99# அடித்து, எண் எண்ணாகத் தட்டி அனுப்பிப் பார்த்திருக்கிறேன். பட்டன் போன்காரர்களுக்கு இருந்த அதே வழிதான் எனக்கும் இருந்தது. கையில் பணம் இல்லாத அந்த மாதங்களில், எந்த போன் வைத்திருக்கிறோம் என்பது ரசனை சார்ந்த விஷயமாக இல்லாமல் போனது.

2017-ல் புதிய வசதிகளோ புதிய கருவிகளோ இனி எங்கள் கவனம் அல்ல என்று மைக்ரோசாப்டின் ஜோ பெல்ஃபியோரே ட்விட்டரில் எழுதினார். 2019 டிசம்பர் 16-ல் 8.1 பதிப்புக்கான ஆப் கடையை மூடினார்கள். அதே மாதக் கடைசி நாளோடு வாட்ஸ்அப்பும் விண்டோஸ் போன்களை விட்டது. குடும்பம் முழுக்க வாட்ஸ்அப்பில் இருக்கும்போது அதற்குமேல் நிற்க இடமில்லை. ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன்.

வாங்கி, செட்டிங்ஸ் பக்கங்களைப் புரட்டினால் ஒவ்வொன்றாகத் தெரிந்த முகங்கள். கறுப்புப் பின்னணி 2019-ல் ஆண்ட்ராய்டு 10-லும் ஐபோனிலும் பெரிய புதுமையாக வந்தது. எங்களுக்கு அது முதல் நாளிலிருந்தே இருந்தது. மரம், தோல் படங்களையெல்லாம் ஐபோன் 2013-லேயே கழற்றிப் போட்டிருந்தது. 2020-ல் ஐபோன் முகப்பில் தகவல் காட்டும் விட்ஜெட் சதுரங்கள் வந்தன. அணைந்த திரையில் மணி காட்டுவது லூமியாக்களில் கிளான்ஸ் என்ற பெயரில் இருந்தது. 2018-ல் கூகுளும் ஆப்பிளும், ஒரு நாளில் எவ்வளவு நேரம் போனைப் பார்க்கிறீர்கள் என்று கணக்குக் காட்டத் தொடங்கின. போனைக் குறைவாகப் பாருங்கள் என்று அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஆண்ட்ராய்டு இருக்கும் இடத்தில் மைக்ரோசாப்ட் இல்லாமல் போனதுதான் தன் மிகப்பெரிய தவறு என்று பில் கேட்ஸ் 2019-ல் சொன்னார். போனிலிருந்து வெளியேறியதை வேறு விதமாகக் கையாண்டிருக்கலாம் என்று நாதெள்ளா 2023-ல் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா விட்டுப்போன வளாகத்தை 2019-ல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது. அதே வட்டாரத்தில் இப்போது ஐபோன்களைச் செய்கிறார்கள். மறுபடி கம்பெனி பஸ்கள், மறுபடி ஷிப்டுக்குப் போகிற பெண்கள். அது எனக்கு மனநிறைவான விஷயம்.

அன்றைக்கு மாறச் சொன்ன அக்கா மகன் இப்போது ஐடி வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன் தன் போனைக் காட்டினான். காசு கொடுத்து, முகப்பை மாற்றும் லாஞ்சர் ஒன்று போட்டிருந்தான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து, நாலைந்து பெயர்கள், மேலே மணி. "போன் பார்க்கிறது பாதியா குறைஞ்சுடுச்சு மாமா" என்றான். நான் பீரோவிலிருந்து 520-ஐ எடுத்துச் சார்ஜ் போட்டுக் கையில் கொடுத்தேன். டைல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கேமரா பட்டனைப் பாதி அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

"இது நல்லாத்தானே இருக்கு. இதை ஏன் விட்டாங்க?"

உரிமக் கட்டணத்திலிருந்து தொடங்கி வாட்ஸ்அப் வரைக்கும் சொன்னேன். சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிடக் கூப்பிட உட்கார்ந்து கேட்டான். பிறகு தன் போனில் எதையோ தேடி, ஆர்வலர்கள் சிலர் இந்த 520-லேயே ஆண்ட்ராய்டை ஏற்றி ஓட்டியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். "குடுங்க மாமா, நான் ஊருக்கு எடுத்துட்டுப் போய் ஏத்திக் கொண்டுவரேன். திரும்ப உயிர் வந்துடும்."

ஆசையாகத்தான் கேட்டான். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.