கடையாரில் இரண்டு பட்டி

மயிலிட்டியில் வள்ளத்தை வண்டியில் ஏற்றுகிற பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. வீட்டுப் படலையைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். வாடிக்கும் அலைக்கும் இடையில் இருந்த அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு நாலு பேருடைய தோளும், அடியில் உருட்டிவிட இரண்டு பனங்குற்றியும் போதும். கயிறு என்றால் நங்கூரம் போட, வலை இழுக்க, கரையில் வள்ளத்தை நிறுத்தி வைக்க. அதே கயிற்றால் ஒரு வள்ளத்தை வாகனத்தோடு சேர்த்துக் கட்டவேண்டி வரும் என்று 1990 ஜூன் வரை எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

இப்போது ஒன்ராறியோவில் என்னிடம் இருப்பது பதினாறு அடி அலுமினியப் படகு. வருஷத்தில் அது தண்ணீரில் கிடக்கிற நேரத்தைவிட ரெயிலரில் கிடக்கிற நேரம்தான் மிக அதிகம். ஸ்காபரோவிலிருந்து 404ஆம் நெடுஞ்சாலையால் ஒரு மணி நேரம் ஓடினால்தான் சிம்கோ ஏரி. கடற்கரையில் பிறந்த குடும்பம், தண்ணீரைத் தொட நெடுஞ்சாலை ஏறவேண்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு வள்ளம் ரெயிலரில் அசையாமல் இருக்கவேண்டும். அசையாமல் என்கிற அந்தச் சொல்தான் ஐயாவுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்காக இருந்தது.

ஐயா எனக்குச் சொல்லித்தந்தது நேர் எதிரானது. “கயித்தை இறுக்கிக் கட்டாதை தம்பி. வள்ளம் அசையோணும். அசைய விடாட்டி ஒண்டில் கயிறு அறும், இல்லாட்டி வளையம் கழரும்.” கரையில் கட்டிய வள்ளம் அலையோடு ஏறி இறங்கும். வற்றும்போது ஒரு நீளம், பெருகும்போது ஒரு நீளம் கயிற்றில் மிச்சம் இருக்கவேண்டும். நங்கூரத்துக்கு நைலோன் நல்லது என்று அவர் சொன்னதற்கும் காரணம் இதுதான். நைலோன் இழுபடும், திடீரென்று ஒரு அலை வள்ளத்தைத் தூக்கினால் அந்த அதிர்ச்சியைக் கயிறே வாங்கிக்கொள்ளும். கடலில் கட்டு என்றால் விட்டுக்கொடுக்கத் தெரிந்த கட்டு.

1990இல் பலாலி முகாம் பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்கி ஊர் எழும்பியபோது வள்ளத்தைக் கடலால் கொண்டுபோக வழியில்லை. கடற்படைப் படகுகள் நின்றன. டீசலுக்கு அலைந்த அந்த நாட்களில் சித்தப்பா எங்கிருந்தோ ஒரு டிராக்டரைப் பிடித்து வந்தார். வெங்காயம் ஏற்றுகிற பெட்டி. பின்பலகையைக் கழற்றிவிட்டு அதில் வள்ளத்தை ஏற்றினார்கள். பெட்டி பத்து அடி இருக்கும், வள்ளம் பதினெட்டு அடி. முன்பக்கத்து அணியம் ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் தூக்கி நின்றது. பின்பக்கத்துக் கடையார் பெட்டிக்கு வெளியே அந்தரத்தில். வள்ளத்தின் அடியில் வலைகளை மடித்துப் பரப்பினார் ஐயா. வலையையும் காப்பாற்றவேண்டும், அடிப்பலகையும் இரும்பில் இடிபடக்கூடாது.

பிறகு கட்டினார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நங்கூரக் கயிற்றைப் பெட்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழால் விட்டு, வள்ளத்துக்கு மேலால் கொண்டுவந்து முடிந்தார். எவ்வளவு பலமாக இழுத்தாலும் நைலோன் திரும்பவும் தளர்ந்தது. உடனே இரண்டு வரிக் கயிற்றுக்கும் நடுவில் ஒரு முழத் தடியைச் செருகி முறுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வரியும் ஒன்றையொன்று பின்னி இறுகின. கயிறு முனகுகிற சத்தம் கேட்டது. வள்ளத்தின் விளிம்பு கயிற்றை அறுக்காமல் இருக்கச் சாக்கைத் துண்டு துண்டாக வெட்டி மடித்து வைத்தார். கடைசியில் தடி திரும்பிச் சுழன்றுவிடாதபடி அதன் நுனியை மெல்லிய கயிற்றால் விளிம்போடு சேர்த்துக் கட்டினார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி தாண்டி வல்லை வெளியில் ஏறியபோது சோளகம் அடித்தது. மரம், மதில் ஒன்றும் இல்லாத வெட்டவெளி. பின்னால் வந்த காற்று வள்ளத்தின் வயிற்றுக்குள் புகுந்து தூக்கப் பார்த்தது. ஐயா பெட்டியின் ஓரத்தில் நின்றபடி தடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இடைக்கிடை டிராக்டரை நிற்பாட்டச் சொல்லி, தடியின் கட்டை அவிழ்த்து, இன்னும் அரைச் சுற்று முறுக்கி, மறுபடி கட்டினார். வலை அமர அமரக் கயிறு தளரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரோட்டில் வள்ளம் கட்டுகிற வித்தையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஒரே பயணத்தில் போகப்போகக் கண்டுபிடித்தார்.

பொலிகண்டிக் கரையில் வள்ளத்தை இறக்கினோம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றான மயிலிட்டி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய், 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பி வந்தது. அந்த இருபத்தேழு வருஷத்துக்குள் வள்ளமும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

கடல் வாசலில் இருந்த காலத்தில், கடலை விட்டு ஓடுவதற்காக வள்ளத்தை வண்டியில் கட்டினோம். கடலே இல்லாத ஊருக்கு வந்தபிறகு, தண்ணீருக்குப் போவதற்காகக் கட்டுகிறோம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. ஐயாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவருக்கு வள்ளம் இருந்தால் கட்டு சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

படகை வாங்கி வாசலில் நிறுத்திய அன்று அவர் முதலில் பார்த்தது இயந்திரத்தை அல்ல, கடையாரில் தொங்கிய ராட்செட் பட்டிகளை. “முடிச்சில்லாத கட்டை எப்பிடியடா நம்பிறது?” என்றார். நான் செய்து காட்டினேன். பட்டியின் நுனியை உருளையின் பிளவுக்குள் விட்டு, முதலில் கையால் தளர்வு முழுவதையும் இழுத்து எடுக்கவேண்டும். அதன்பிறகு கைபிடியை மேலும் கீழும் ஆட்டினால் உருளை சுழன்று பட்டியைச் சுற்றிக்கொள்ளும். பக்கத்துப் பற்சக்கரத்தில் ஒரு நாக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்து, திரும்பிச் சுழல விடாமல் தடுக்கும். உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது விழவேண்டும். குறைந்தால் வழுக்கும், தளர்வை எடுக்காமல் சுற்றினால் பட்டி குவிந்து சிக்கிக்கொள்ளும். கைபிடியை மடித்துப் படியவைத்தால் பூட்டு.

ஐயா குனிந்து அந்த நாக்கை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். கிளிக் என்றது. திரும்பவும் தூக்கினார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: “உது என்ரை தடிதானே. தடிக்குப் பல்லு முளைச்சிருக்கு.”

அதற்குப் பிறகும் அவர் முழுதாக நம்பவில்லை. பட்டியோடு தன் நைலோன் கயிறு ஒன்றையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று நின்றார். ஒரு பின்னேரம் இரண்டையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு நுனியை ரெயிலரில் மாட்டி, மற்ற நுனியை அவர் கையில் கொடுத்தேன். நைலோன் நனைந்தால் இன்னும் கூடுதலாக இழுபடும். பட்டி பொலியெஸ்டர், காய்ந்தாலும் நனைந்தாலும் பெரிதாக நீளாது. கடலோடியின் கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, “நங்கூரத்துக்கு இது, ரோட்டுக்கு அது” என்றார். கடலில் விட்டுக்கொடுப்பதுதான் கயிற்றின் குணம். மழை பெய்கிற நெடுஞ்சாலையில் அதே குணம் வள்ளத்தைத் துள்ளவிடும். துள்ளத் துள்ளத் தளரும், தளர்ந்தால் கொழுக்கி கழரும்.

எங்கள் ஆட்கள் பலர் இங்கே படகு வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிற காட்சி ஒன்று உண்டு. அணியத்தில் வின்ச் பட்டி மட்டும் மாட்டியிருக்கும், கடையாரில் ஒன்றும் இராது. அல்லது மலிவான மஞ்சள் கயிறு ஒன்று. அந்தக் கயிறு வழுவழுப்பானது, முடிச்சு நிற்காது, வெயிலில் கெதியில் உக்கும். வின்ச் என்பது படகைத் தண்ணீரிலிருந்து ரெயிலரில் இழுத்து ஏற்றுகிற கருவி, கட்டு அல்ல. அதன் பல் ஒன்று உடைந்தால் அணியத்தைப் பிடிக்க வேறொன்று வேண்டும். அதனால் அணிய வளையத்துக்கும் ரெயிலருக்கும் நடுவே தனியாக ஒரு சங்கிலி. கடையாரின் இரண்டு மூலையிலும் உள்ள வளையங்களிலிருந்து ரெயிலரின் சட்டத்துக்கு இரண்டு பட்டி. மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடும்போது மேடு பள்ளம் ஒன்று வந்தால், தூக்கப்படுவது முதலில் இயந்திரம் தொங்குகிற அந்தப் பின்பக்கம்தான்.

பட்டியில் தைத்திருக்கிற சிட்டையை வாசியுங்கள். சரக்கு வண்டிக்காரர் பயன்படுத்துகிற இரண்டு அங்குலப் பட்டியில் அறுகிற பாரம் 10,000 இறாத்தல், வேலைப் பாரம் 3,333 இறாத்தல் என்று இருக்கும். நம்பவேண்டியது சின்ன எண்ணை. அது பெரிய எண்ணில் மூன்றில் ஒரு பங்கு; மிச்சம் அதிர்வுக்கும் குலுக்கலுக்கும். சிட்டை இல்லாத பட்டியை நான் தொடுவதில்லை. வள்ளத்துக்கு மேலால் குறுக்கே நீளப் பட்டி போட்டால் அதில் ஒரு முறுக்கு விடுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் படபடத்து, விளிம்பில் உரசி உரசித் தேயும்.

ராட்செட் தருகிற பலத்துக்கு ஒரு ஆபத்தும் உண்டு. தடியால் முறுக்கும்போது எவ்வளவு இறுகுகிறது என்று கை அறிந்தது. பற்சக்கரம் அதைச் சொல்லாது. இன்னும் ஒரு கிளிக், இன்னும் ஒரு கிளிக் என்று போனால் படகின் அடி, ரெயிலரின் தாங்குபலகையில் நசுங்கும்; பைபர் என்றால் வெடிக்கும். “இறுக்கிறதெண்டா உடைக்கிறதில்லை” என்று ஐயா என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பட்டியை உள்ளங்கையால் அடித்துப் பார்க்கச் சொல்வார். மத்தளத்தோல் மாதிரி ஒலித்தால் போதும்.

புறப்பட்டுப் பத்து கிலோமீட்டர் போனதும் நிற்பாட்டி மறுபடி பார்ப்போம். வல்லை வெளியில் அவர் கற்றது இங்கேயும் அப்படியே செல்லும்: பாரம் அமரும், கட்டுத் தளரும். ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டில் எங்களுக்குப் பின்னால் நடந்துவந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்ச்சனம், தங்கள் பெட்டி படுக்கையோடு. நாங்கள் கட்டியது எங்கள் பிழைப்பை. 404இல் பின்னால் வருகிற காரில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத அந்த ஆட்களுக்காகத்தான் கடையாரில் இரண்டு பட்டி. அதைச் சோம்பலால் விடுகிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏரிக்கரையில் இறக்குமுன் கடையார்ப் பட்டிகளைக் கழற்றவேண்டும், அடித்துவாரத்து அடைப்பானைப் பூட்டவேண்டும். அணியச் சங்கிலியையும் வின்ச்சையும் படகு தண்ணீரில் மிதக்கும்வரை விடக்கூடாது. திரும்பும்போது இதெல்லாம் தலைகீழ். அதோடு 2022 ஜனவரியிலிருந்து இங்கே ஒரு சட்டம்: படகை ரோட்டில் ஏற்றுமுன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீர் முழுவதையும் வடிக்கவேண்டும், ஒட்டிய பாசியைப் பிடுங்கவேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. ஒரு ஏரியின் சிப்பி இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போடுவதை ஐயா மிகுந்த மரியாதையோடு கேட்டார். பாசி பிடுங்குகிற வேலையை அன்றிலிருந்து அவர்தான் செய்கிறார்.

இந்த வசந்தத்தில் கடையார்ப் பட்டிகளை மாற்றினேன். வெயிலில் சிவப்பு நிறம் வெளிறி, ஒன்றின் ஓரத்தில் நூல் பிசிர்ந்திருந்தது. பிசிர்ந்த பட்டியைக் குப்பையில் அப்படியே போட்டால் யாராவது எடுத்துக் கட்டுவார்கள் என்று கத்தரிக்கோலால் வெட்டினேன். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. “நல்லாத்தானே கிடக்கு” என்றார். பிசிரைக் காட்டியதும் ஒன்றும் பேசவில்லை. வெட்டிய துண்டுகளில் நல்லதாக நாலைப் பொறுக்கி மடித்துத் தைத்து, குறுக்குப் பட்டி விளிம்பில் உரசுகிற இடத்துக்கு அணை செய்து தந்தார். புதுப் பட்டிகள் கறுப்பு, ஒன்றரை அங்குலம், துருப்பிடிக்காத கொழுக்கி, நாக்குப் பூட்டோடு. வருகிற சனிக்கிழமை ஏரிக்கு, கெஸ்விக் பக்கம் போகிறோம்.