சர்க்கரைக்கு மானியம், பற்பசைக்கு வரி

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். அடிவாரக் கடைகளிலும் அதே கணக்குதான்: நாள் தவறாமல் இனிப்பு. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை அழுதால் பஞ்சுமிட்டாய். அழுகையை நிறுத்தினால் அதற்குப் பரிசாக ரோஸ் மில்க். அந்த வாயைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். முன்பற்கள் கறுத்து, குச்சிகுச்சியாக நிற்கும். "பூச்சிப்பல்லுதான். பால்பல்லு, விழுந்து முளைச்சிடும்" என்பார் பாட்டி.

பாட்டியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அங்கே பூச்சியே இல்லை என்று அவரிடம் யார் போய்ச் சொன்னார்கள்? வாயிலிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த மிட்டாய், அடுத்த டீ, அதில் முக்கிய பிஸ்கட். எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே பல்லைக் கெடுக்கிறது. பால்பல் சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிலைப்பல்லும் கெடலாம்.

இதைச் சொல்ல வேண்டிய அரசுகளுக்கு வேறு வேலை இருந்தது. ரேஷன் கடையில் மானிய விலையில் சர்க்கரை போட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சர்க்கரைக்கு 5 சதவீதம், பற்பசைக்கும் பிரஷ்ஷுக்கும் 18 சதவீதம் என்று விதிக்க வேண்டும். பல் துலக்குவது ஆடம்பரம் அல்லவா! ஃபுளோரைடு பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்கள் நிதானமாக யோசித்து, 2025 செப்டம்பர் 22 முதல் அதன் வரியை 5 சதவீதமாக்கினார்கள். அதே நாளில் சாக்லேட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம் 5 ஆனது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வரி! சமூகநீதி என்றால் இதுவல்லவா சமூகநீதி!

திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. சிறைக்குப் போனார், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எனாமலும் ஓர் எல்லைதான். வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே கவனித்தால் அதை மீட்கலாம். குழி விழுந்தபின் எந்தப் போராட்டமும் அதைத் திருப்பித் தராது. பல்லை அடைக்கக் காசில்லாதவர் கடைசியில் பிடுங்கிக்கொண்டு போகிறார்.

பல் பிழைக்க வழி ஒன்றும் பெரிய ரகசியமல்ல. ஃபுளோரைடு பசையால் காலையிலும், படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் குறைவதால் இரவுத் துலக்கலை விடவே கூடாது. மூன்று வயதுக்குள் அரிசியளவு பசை, ஆறு வயதுவரை பட்டாணியளவு. பிரஷ் நீளத்துக்கும் வழிய வழியப் பிதுக்குவது கம்பெனி விளம்பரத்துக்கு மட்டும். துலக்கியபின் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

பள்ளியில் காலை உணவும் சத்துணவும் போடுகிற அரசு, அங்கேயே ஒரு பிரஷ் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது. ரேஷன் சர்க்கரைக்குப் பக்கத்தில் ஒரு பற்பசை டியூப் வைத்தால் வானம் இடிந்துவிடாது. இதைச் செய்ய மனமில்லாதவர்கள் தேர்தல் வந்ததும் வீதி வீதியாக வந்து பல்லைக் காட்டுவார்கள். பதிலுக்குக் காட்ட நம் பிள்ளைகளுக்கும் பல் இருக்க வேண்டாமா?