ரோபோ மாமா

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லாரும் ‘ரோபோ மாமா’ என்றுதான் கூப்பிடுகிறோம். இத்தனைக்கும் அவர் இன்னும் ரோபோ செய்து முடிக்கவில்லை. மாமா ஆகித்தான் வெகுகாலம் ஆயிற்று.

முப்பது வருஷம் வங்கியில் அடுத்தவர் கையெழுத்தை முறைத்துப் பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். பேரனின் பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒரு பொம்மை வண்டி சுவர் வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனதைப் பார்த்தார். அன்றோடு போச்சு. மறுநாள் காலை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் மண்டிய ரிச்சி தெருவில், கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே மாமா நின்றுகொண்டிருந்தார். வண்டிக்கு மூளையாகும் அர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று போதும். மூன்று வாங்கினார். மஞ்சள் மோட்டார் பத்து, ஆந்தைக் கண் மாதிரி இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஐந்து. “எல்லாம் ஒரு ஸ்பேருக்குத்தான்” என்றார். இந்த ஜாதி மனிதர்கள் கற்கத் தொடங்குவதற்கு முன்பே ஸ்பேர் வாங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து போர்டைக் கணினியில் சொருகி, விளக்கை மினுக்கும் புரோகிராம் ஒன்று எழுதினார். போர்டிலிருந்த குட்டி எல்.ஈ.டி. ஒரு செகண்ட் எரிந்தது, ஒரு செகண்ட் அணைந்தது. “என் புரோகிராம்!” என்று மாடி முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். நாங்களும் கைதட்டினோம். ஆனால் அந்த மினுக்கலைப் பல போர்டுகள் கடையிலிருந்தே ஏற்றிக்கொண்டு வருகின்றன. மாமா வாங்கியது குளோன் போர்டு; அதற்கான டிரைவர் மென்பொருளைப் போடாததால் அவர் எழுதியது உள்ளே போகவேயில்லை என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. டிரைவரைப் போட்டு, மினுக்கல் இடைவெளி 1000 மில்லிசெகண்ட் என்றிருந்ததை 200 ஆக்கி ஏற்றினார். விளக்கு படபடத்தது. அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை, ஓய்வூதியம் ஏறிய நாளில்கூட நான் பார்த்ததில்லை.

பிறகு செமிகோலன் படலம். ஒரு வரியின் கடைசியில் அதை விட்டுவிட்டால், கணினி பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் சிவப்பாக்கிக் காட்டும். “தப்புப் பண்ணினது மேலே இருக்கிறவன், மெமோ கீழே இருக்கிறவனுக்கு. அப்படியே எங்க பேங்க்தான்!” என்று உருகிப்போனார்.

பால்காரரைக்கூட விடவில்லை. “இந்த அர்டுயினோ 2005ல இத்தாலியில இவ்ரேயாங்கற ஊர்ல பொறந்ததுப்பா. அங்க இருந்த ஒரு பார் பேரைத்தான் இதுக்கு வெச்சாங்க.” உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: “அதான் மனுஷனை இந்த ஆட்டு ஆட்டுது.”

கடைசியில் வண்டி பூட்டினார். போர்டுக்குக் கணினியிலிருந்து கரண்ட், மோட்டாருக்குத் தனி பேட்டரி, நடுவே மோட்டார் டிரைவர். அசையவில்லை. மூன்று நாள் புரோகிராமைத் திருத்தித் திருத்தி எழுதினார். பேட்டரியை மாற்றினார். ராகு காலம் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, பார்த்திருப்பார். நான்காம் நாள் மாடி வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் புளி கடன் கேட்க வந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, பேட்டரி கிரவுண்டும் போர்டு கிரவுண்டும் சேரவே இல்லையே” என்றாள். ஒரே ஒரு கறுப்பு ஒயர். சொருகியதும் சக்கரம் சுற்றியது. “நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்” என்றார் மாமா.

இப்போது வண்டி ஓடுகிறது. ஒரே கடையில் வாங்கிய மோட்டார்தான் என்றாலும் ஒன்று சற்று வேகம், ஒன்று சற்று மந்தம். அதனால் கூடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. இரண்டுக்கும் வேறு வேறு வேக எண் கொடுத்து மாமா தினமும் சரிபார்க்கிறார். “கொஞ்சம் கோலமாவைக் கட்டிவிடுங்கோ, எனக்கு மார்கழி மாசம் உதவும்” என்கிறாள் மாமி.

இதுவரை அது நேராகப் போனது ஒரே ஒரு தடவை. போன வெள்ளிக்கிழமை, இரண்டாம் மாடிப் படிக்கட்டிலிருந்து கீழே.