வெனிஸில் இல்லைநாதர்

வெனிஸ் அரண்மனைகளைச் சுற்றிப் பார்க்க வருகிற எந்தக் கூட்டத்திலும் ஓர் இல்லைநாதர் இருப்பார். பெயர் நாம் வைத்தது. மற்றவர்கள் அங்கே இருப்பதைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறார்கள். இவர் இல்லாததைப் பார்க்க எடுக்கிறார்.

டோஜே அரண்மனையின் பெருமன்ற மண்டபத்தில், சுமார் 22 மீட்டர் அகலத்துக்கு டின்டோரெட்டோவின் ‘சொர்க்கம்’ ஒரு சுவரையே அடைத்துக்கொண்டிருக்கிறது. இல்லைநாதருக்குச் சொர்க்கம் வேண்டாம். விதானத்தை ஒட்டி, வெனிஸை ஆண்ட டோஜேக்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? அதில் ஒரு முகத்துக்குப் பதிலாகக் கறுப்புத் துணி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தாரென்று 1355-இல் தலை வெட்டப்பட்ட மரீனோ ஃபலியேரோவின் இடம் அது. அத்தனை முகங்களையும் விட்டுவிட்டு அந்தத் துணியின் கீழேதான் நிற்பார்.

அடுத்து கா டோரோ. “பொன் மாளிகையாம். பொன் எங்கே?” 15ஆம் நூற்றாண்டில் முகப்பில் ஒட்டிய தங்கம் எப்போதோ போய்விட்டது. அவருக்குப் பரம திருப்தி.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பொய் சொல்வதில்லை. அதுதான் தொல்லை. சான் மார்க்கோ தேவாலய முகப்பில் எல்லோரும் படமெடுக்கும் குதிரைகள் நகல்கள். அசல் நான்கும் உள்ளே பத்திரமாக நிற்கின்றன. அக்காதமியா ஓவியக்கூடத்துக்குச் சொந்தமான லியோனார்டோவின் ‘வித்ருவிய மனிதன்’ காகிதத்தில் வரைந்தது, வெளிச்சம் ஆகாது. எப்போதாவதுதான் வெளியே வருவான். சான் ஜார்ஜோ தீவின் மடத்து உணவுக்கூடத்தில் இருந்த வெரோனேஸேயின் ‘கானாவூர்த் திருமணம்’ 1797-இல் நெப்போலியன் படையோடு பாரிஸ் போனது, திரும்பவே இல்லை. இன்றைக்கும் லூவ்ரில் மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. மடத்தில் 2007-இல் அச்சு அசலாக ஒரு பிரதியை மாட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாமும் இல்லைநாதர் கட்சிதான்.

பெக்கி குகன்ஹைம் 1949-இல் வாங்கிய மாளிகையில் பிக்காஸோவும் பொல்லாக்கும் காத்திருக்க, இவரோ வாசலிலேயே நின்று, 18ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கித் தரைத்தளத்தோடு நின்றுபோன கட்டடத்தின் மேல்மாடிகளைக் காற்றில் கைவீசிக் கட்டிக்கொண்டிருப்பார். உடன் வந்தவர்கள் இதற்குள் கழிப்பறை வரிசையில் நிற்கப் போயிருப்பார்கள்.

அவரைத் திணறடிக்கிற இடம் ஒன்று உண்டு: சான் ரோக்கோ சங்க மாளிகை. 1564 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக டின்டோரெட்டோ வரைந்து குவித்த ஓவியங்கள், அவற்றுக்கென்று குறித்த இடத்திலேயே இருக்கின்றன. நெப்போலியன் காலத்தில் இத்தகைய சங்கங்கள் பலவற்றை மூடியபோதும் இது தப்பித்துக்கொண்டது. இல்லைநாதர் சுவர் சுவராகத் தேடுவார். ஓட்டை கிடைக்காது. விதானத்தைக் கழுத்து வலிக்காமல் பார்க்க அங்கே கைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். முகம் வாடி அதில் ஒன்றை எடுத்துக் குனிந்து பார்ப்பார். முன்மண்டையில் முடி இருந்த இடம் தெரியும். அங்கேயே வெகுநேரம் நிற்பார்.