துறைமுகத்தின் வலப்பக்கம்

கேள்வி: உல்லாசக் கப்பல்காரர்கள் 'கரைச் சுற்றுலா' என்கிறார்களே, அது கடலில் போகிறவர்களுக்கா, கரையில் இருக்கிற எங்களுக்கா? (தண்டையார்பேட்டை)

பதில்: காலையில் கட்டிய கப்பல் மாலையில் அவிழும் வரை, பயணிகள் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறிக்கொள்வதற்குக் கரைச் சுற்றுலா என்று பெயர். கையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம்தான் என்பதால், எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதே அதில் பெரிய முடிவாகிவிடுகிறது. சென்னைத் துறைமுக வாசலில் ஊரை நோக்கி நிற்கும் பயணிக்கு இடப்பக்கம் தெற்கு, வலப்பக்கம் வடக்கு. வண்டிகள் பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பி மயிலாப்பூருக்கும் மாமல்லபுரத்துக்கும் போய்விடுவதால், துறைமுகத்துக்குத் தோள் கொடுத்து நிற்கும் இராயபுரமும் காசிமேடும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் எண்ணூரும் விடுபட்ட பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. சென்னை கடலிலிருந்து கரையேறிய கதை முழுவதும் இந்த வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தச் சுற்றுலா கப்பலில் வருவோருக்கு எவ்வளவு பொருந்துமோ, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் தண்டையார்பேட்டைக்காரருக்கும் அவ்வளவு பொருந்தும்.

கேள்வி: சென்னையிலிருந்து உண்மையிலேயே உல்லாசக் கப்பல் புறப்பட்டிருக்கிறதா? (கொருக்குப்பேட்டை)

பதில்: புறப்பட்டிருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலைத் தமிழக முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் அதன் வழித்தடத்தில் இருந்தன என்றாலும், கப்பலுக்குள் சூதாட்டக்கூடம் இருப்பதைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரி அதற்கு இடம் தரவில்லை. மறு ஆண்டு, 2023 ஜூன் 5 அன்று, அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளை நோக்கிச் சென்னையிலிருந்து கிளம்பியது. இவற்றுக்கு வெகு காலம் முன்பே, 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வும் அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் சென்னைக்கும் மலாயா, சிங்கப்பூர்க் கரைகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிச் சென்றன. அந்தப் பயணிகள் ஊர் பார்க்கப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள்.

கேள்வி: பெரிய கப்பல் நுழைய முடியாத ஊர்களில் நடுக்கடலிலேயே சிறு படகுக்கு மாற்றி இறக்குவார்களாமே! நம் ஊரில் அப்படியெல்லாம் உண்டா? (இராயபுரம்)

பதில்: அந்தச் சிறு படகை இன்றைய கப்பல் மொழியில் டெண்டர் என்கிறார்கள், அதாவது கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கும் படகு. சென்னையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்பதை இராயபுரத்து வாசகர் அறிந்தால் பெருமைப்படுவார், ஏனெனில் அந்தப் படகைத் தள்ளியவர்கள் அவர் ஊர்க்காரர்கள்.

இயற்கைத் துறைமுகம் இல்லாத மணற்கரை ஆதலால், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலா படகுகளில் வந்து இறங்க வேண்டியிருந்தது. மசூலா என்பது பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. ஆணி அடித்த படகு அலை மோதும்போது விறைத்து நின்று பிளந்துபோக, தைத்த படகு அலையோடு சேர்ந்து நெளிந்து கொடுத்துக் கரை சேரும். கடலோடு மல்லுக்கு நிற்காமல் இணங்கிப் போவதே அதன் பொறியியல். அடுத்தடுத்து எழும் அலைவரிசைகளைத் தாண்டும் தருணத்தைப் படகோட்டி கணித்துத் துடுப்புக்காரர்களுக்குக் குரல் கொடுப்பான். யாராவது நீரில் விழுந்தால் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருப்பார்கள். ஆளுநரும் நீதிபதியும் படைத்தலைவரும் அவர்கள் வீட்டுப் பியானோவும் இந்தக் கைகளைக் கடந்துதான் சென்னைக்குள் வந்தன. 1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் நீளும் மேடை ஒன்று கட்டப்பட்ட பிறகும் படகுக்காரர்களின் தேவை தீர்ந்துவிடவில்லை.

இந்தப் படகுத் தொழிலில் ஈட்டிய பணத்தைக் கொண்டு குருகுல வம்சத்தார் எனப்படும் கடலோடிச் சமூகத்தார் 1829இல் எழுப்பியதே இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். அந்நியரைக் கரைசேர்த்த கூலி கோபுரமாக நிற்பதைக் காண்பதற்காகவே ஒரு பயணி வலப்பக்கம் திரும்பலாம்.

கேள்வி: காலடிப்பேட்டையில் பதிந்தது யாருடைய காலடி? (காலடிப்பேட்டை)

பதில்: யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் 'காலட்பேட்டை' ஆனது. வாய்க்கு எளிதான வழியில் நடந்து நடந்து அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பொருள் விளங்காத அயற்பெயருக்கு மக்கள் தம் மொழியிலேயே ஒரு பொருளைத் தந்து வழங்குவதை மொழியியலார் மக்கட் சொற்பிறப்பு என்பர். அந்த ஊரின் கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் நெசவாளர் குடியேறிய காலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது.

பக்கத்து ஊர்களின் பெயர்களும் ஆட்களின் பெயர்களே. தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவை இராயப்பர் என்று அழைப்பதால், அவர் கோயில் கொண்ட ஊர் இராயபுரம். இராமநாதபுரத்துத் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தவம் இருந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு 'தொண்டியார்' என்று அழைக்கப்பட, அவர் வாழ்ந்த பேட்டை தொண்டியார்பேட்டையாகிப் பின்னர் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது வழிவழி வரும் விளக்கம். அவருடைய தர்கா இன்றும் இப்பகுதியில் இருக்கிறது. இராமலிங்க வள்ளலாருக்கும் தாயுமானவருக்கும் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்க பாடல்களைத் தந்தவரின் அடக்கத்தலத்தைச் சுற்றுலா வண்டிகள் கடந்துபோவது பெரும் இழப்பு. ஒரு கிறித்தவப் புனிதர், ஓர் இசுலாமிய ஞானி, ஓர் ஆங்கிலேய ஆளுநர் என மூவர் பெயரில் மூன்று ஊர்கள், ஒரே சாலையில் வரிசையாக நிற்கின்றன.

கேள்வி: மெரினா கடற்கரையை அமைத்தவர் யார்? தேர்வுக்கு வேண்டும். (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: உலாச்சாலை அமைத்தவர் ஆளுநர் கிராண்ட் டஃப், ஆண்டு 1884. மதிப்பெண்ணுக்கு அது போதும். மணலைக் கொண்டுவந்து குவித்ததோ துறைமுகம்.

கோரமண்டலக் கரையோரமாக அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. இதற்குக் கரையோர மணல் நகர்வு என்று பெயர். 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் நகர்ந்து வந்த மணல் அங்கே தடைபட்டுத் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் சேராமல் போனதால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தெருக்களும் வீடுகளும் கோயில்களும் நீருக்குள் போயின. ஆகவே வடசென்னைக் கடற்கரையில் மணலுக்குப் பதில் கருங்கற்கள் அடுக்கியிருப்பதைக் காணும் பயணி, மெரினாவில் தான் நடந்த மணலின் மறுபாதிக் கணக்கைத்தான் காண்கிறார். தேர்வுத்தாளில் இடம் இருந்தால் மாணவர் இதையும் எழுதலாம்.

துறைமுகத்தின் பிள்ளைப்பருவமும் எளிதாக இருக்கவில்லை. 1881 நவம்பர் புயல் அதன் சுவர்களைச் சிதைத்தது. கிழக்கு நோக்கியிருந்த வாயில் மணலால் தூர்ந்துபோகவே, பின்னர் வடகிழக்குப் பக்கம் புதிய வாயில் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான், 1912 மார்ச்சில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார் கணித மேதை சீனிவாச இராமானுசன்.

கேள்வி: ஒரே நாளில் எந்த வரிசையில் பார்ப்பது? பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாது. (எர்ணாவூர்)

பதில்: பெட்ரோலே வேண்டாம். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கார் எடுத்துச் செல்வது நேரத்தைக் கரைக்கும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவும் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் புறநகர் மின்ரயிலும் போதும். முதலில் இராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூன் மாத இறுதியில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்து, ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டிகள் ஓடத் தொடங்கிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையின் தலைவாசல் இதுவே. பம்பாயிலும் தாணேயிலும் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் மறைந்துவிட்டதால், நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் என்ற சிறப்பும் இதற்கு உண்டு. தூண்கள் நிற்கும் அந்த முகப்பின் முன் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும்.

அடுத்தது திருவொற்றியூர். தேவார மூவரும் பாடிய தலம். இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுந்த கருவறை விமானம், யானையின் பின்புறம் போல வளைந்திருப்பதால் கசபிருட்டம் எனப்படும் வடிவினது. ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமின்றிக் காட்சி தருவார் என்பதால், கப்பல் அட்டவணை அந்த நாள்களோடு பொருந்தினால் அது பெரும் பேறு. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாதபோது தம் குருதியையே வார்க்கத் துணிந்த எண்ணெய் வணிகர் கலிய நாயனார் வாழ்ந்ததும் இவ்வூரே. எண்ணெய்க் கொள்கலன்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் எண்ணெயின் பெயரால் நினைக்கத்தக்க முதல் மனிதர் அவர்தான். இவ்வூர் வடிவுடையம்மனை இசைமேதை தியாகராசர் பாடிய கீர்த்தனைகள் 'திருவொற்றியூர் பஞ்சரத்தினம்' எனப்படும். கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி. கப்பல் வணிகம் செய்த செல்வர் எல்லாவற்றையும் துறந்து வந்து அடங்கிய இடம் கடல் பார்த்த இடமாகவே அமைந்தது.

கேள்வி: 'அவன் பெரிய எம்டன்' என்று பாட்டி சொல்கிறார். எம்டன் யார்? (தண்டையார்பேட்டை)

பதில்: கேட்காமல் வந்து, இறங்காமல் போன கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைக் கரைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகப் பக்கத்து எண்ணெய்க் கொள்கலன்களின்மீது குண்டு வீசித் தீமூட்டிவிட்டு மறைந்தது. அச்சம் ஓய்ந்தபின் பெயர் மட்டும் தமிழில் தங்கி, எளிதில் பிடிபடாத சூரனைக் குறிக்கும் சொல்லாயிற்று. பாட்டியின் பேச்சே நல்ல அருங்காட்சியகம்.

கேள்வி: காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தைக் கப்பலில் ஏற்றலாமா? (பெரம்பூர்)

பதில்: சமைக்காத உணவைக் கப்பலில் ஏற்றப் பொதுவாக அனுமதி இல்லை, கண்ணால் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதற்கும் விடியுமுன் போய் ஏலம் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அப்போது வலை பின்னுவதையும் படகுக்கு வண்ணம் தீட்டுவதையும் பார்க்கலாம்.

கேள்வி: எண்ணூரில் புகைபோக்கியைத் தவிர என்ன இருக்கிறது? (அம்பத்தூர்)

பதில்: கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் இருக்கிறது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் அந்தச் சேற்றில் இறாலும் நண்டும் வளர்ந்தன. பறி என்னும் ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் துழாவி எடுக்கும் இருளர்களின் திறமையை அங்கே இன்றும் காணலாம். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் அந்த நீரைக் கெடுத்திருக்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கழிமுகத்திலேயே எண்ணெய் பரவிப் படகும் வலையும் பாழாயின. கப்பலில் வருகிறவர் கப்பலால் ஊருக்கு நேர்ந்ததையும் பார்ப்பது நியாயமே. ஊர் மீனவர் ஒருவரின் படகைக் கூலிக்கு அமர்த்தி, அவர் சொல்லக் கேட்டுக்கொண்டே கழியைச் சுற்றுவதுதான் இங்கே முறையான சுற்றுலா.

இன்னொரு முழு நாள் கிடைத்தால் இன்னும் வடக்கே பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் தடமும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்கும் அவர்களின் கல்லறைத் தோட்டமும், குளிர்காலத்தில் பூநாரைகளும் அங்கே உண்டு.

கேள்வி: காங்கேசன்துறையில் அரை நாள் கிடைத்தால்? (திருவொற்றியூர்)

பதில்: கீரிமலைக் கேணியில் நீராடி, நகுலேசுவரத்தில் வணங்கி, நல்லூர்க் கந்தனைக் கண்டு, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகத்தின் படியில் சற்று உட்காரலாம். நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னைத் தங்கசாலையில் அச்சகம் நிறுவி நூல்களைப் பதிப்பித்தவர் என்பதால், வடசென்னைக்காரர் அங்கே அயலார் அல்லர்.

கேள்வி: கப்பல் ஏறுமுன் கடைசியாக ஒரு வாய் எங்கே சாப்பிடுவது? (தண்டையார்பேட்டை)

பதில்: பயணி தாமதித்தால் கப்பல் காத்திராது என்பதால், துறைமுகத்துக்கு மிக அருகில்தான். பர்மா பஜார்ப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும்: நூடுல்ஸோடு முட்டைகோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரும் பர்மியக் கலவை, கூடவே சூடான வாழைத்தண்டு சூப். 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் இறங்கி, வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியமர்ந்த தமிழர்களோடு வந்த உணவு அது. அவர்களுக்குத் திரும்ப ஏறுவதற்குக் கப்பல் இருக்கவில்லை.