அனைத்து உடற்தகுதியினருக்கும் ஏற்ற எழில்மிகு ஈஜிபுரா ஓட்டப் பாதைகள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பெங்களூரில் ஓடுவதற்கு நல்ல இடம் எது என்று யாரைக் கேட்டாலும் இரண்டே விடைதான்: கப்பன் பார்க், லால்பாக். முன்னது 1870-ல் உண்டானது. பின்னது 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். உள்ளே முந்நூறு கோடி ஆண்டு வயதுள்ள பாறை வேறு இருக்கிறது. இவ்விரண்டையும் பற்றி எழுதாத ஓட்டக்காரர் இல்லை. ஆனால் கோரமங்களாவுக்கும் விவேக்நகருக்கும் நடுவே தோளை ஒடுக்கிக்கொண்டு கிடக்கும் ஈஜிபுராவை இத்துறை அறிஞர்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நமது கருதுகோள் இதுதான்: ஈஜிபுராவில் ஓட்டப் பாதை இல்லை என்பது பிழை, ஓட்டப் பாதையைத் தவிர வேறு பாதை அங்கே கிடையாது.

முதலில் 'எழில்' என்பதை வரையறுக்க வேண்டும். ஈஜிபுரா சிக்னலில் இருந்து டொம்லூர் போகும் உள்வட்டச் சாலையில் எழிலுக்குக் குறைவில்லை. இரண்டு பக்கமும் ராணுவ நிலம், அடர்ந்த மரங்கள். எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம். மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் கிளைகளை ரசித்தபடி ஓடலாம்; ரொம்ப ரசித்தால் பின்னால் வரும் டெம்போக்காரர் ஹாரன் அடித்து நம்மை உலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவார். ஆகவே எழில் என்பது கண்ணுக்குத் தெரிவது, காலுக்கு எட்டாதது.

அடுத்து நீளம். ஈஜிபுராவில் தொடங்கி சோனி வேர்ல்டு சிக்னல் வழியாகக் கேந்திரிய சதன் வரை செல்லும் மேம்பாலத்தின் நிழல் சரியாக 2.5 கிலோமீட்டர். போய் வந்தால் 5, இரண்டு தரம் போய் வந்தால் 10. உலக ஓட்டப் போட்டிகளின் தூரத்தை மனதில் வைத்தே இதைத் திட்டமிட்டிருப்பார்களோ என்று ஐயுற இடமிருக்கிறது. வேலை 2017-ல் ஆரம்பித்தது, 2019-ல் முடிய வேண்டியது. அதே 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். அந்தக் கணக்கில் நம் மேம்பாலத்தின் தூரத்துக்கு அவருக்கு ஏழு நிமிடம் போதும். மேம்பாலம் அவசரப்படவில்லை. 2022-ல் பழைய ஒப்பந்ததாரரை அனுப்பினார்கள், 2023 கடைசியில் புதியவரோடு வேலை மறுபடி தொடங்கியது, 2025-லும் நடந்துகொண்டிருந்தது. நீண்டதூர ஓட்டத்தில் ஆரம்ப வேகம் முக்கியமில்லை, நிதானம்தான் முக்கியம் என்று பயிற்சியாளர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வார்கள். நிதானத்துக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரியை நாம் அறியோம்.

இப்பாதைக்கு இன்னொரு பயனும் உண்டு. 1930-களில் கோஸ்டா ஹோல்மேர் என்ற ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் 'ஃபார்ட்லெக்' என்றொரு முறையைக் கொண்டுவந்தார்: கொஞ்ச தூரம் வேகமாக ஓடு, கொஞ்ச தூரம் மெதுவாகப் போ, மறுபடி ஓடு. இதற்கு அவருக்குக் காடு தேவைப்பட்டது. நமக்குத் தூண் போதும். ஒரு தூணில் இருந்து அடுத்த தூண் வரை ஓடி, அங்கே கம்பிக் கட்டும் ஜல்லிக் குவியலும் வழியை மறிக்கும்போது நிற்பது. ஆட்டோ விலகியதும் மறுபடி ஓடுவது. பயிற்சியாளர் செலவு மிச்சம்.

ஸ்டீபிள்சேஸ் எனப்படும் தடை தாண்டும் ஓட்டத்தில் 3,000 மீட்டருக்கு 28 தடைகளும் 7 நீர்த்தாண்டல்களும் உண்டு. தடையின் உயரம் ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2. ஈஜிபுரா ஃபுட்பாத்தில் இருபாலருக்கும் ஒரே உயரம். இதில் நமது ஊர் சர்வதேசச் சங்கத்தை முந்திவிட்டது. சாக்கடை மேல் பாவிய கல்லில் ஒன்று மேடு, ஒன்று பள்ளம், ஒன்று இல்லவே இல்லை. பிறகு டிரான்ஸ்ஃபார்மர், பிறகு அதைக் காவல் காப்பதுபோல் ஒரு பைக். ஓட்டக்காரர் இங்கே தரையைப் பார்ப்பார். எழிலைப் பார்த்தவர்கள் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீர்க்கரை ஓட்டம் விரும்புவோருக்கு ராஜகால்வாய் என்ற பெருவடிகால் இருக்கிறது. மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி இந்தப் பக்கமாக வந்து பெல்லந்தூர் ஏரியில் விழுகிறது. மேல்பகுதியைச் சீர்செய்து கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. கீழே வரவர மூச்சுப் பயிற்சி கடினமாகும். பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பிடித்தது என்பதையும் குறிக்க வேண்டும். தண்ணீர் எரியும் ஊரில் ஓட்டக்காரருக்கு வியர்ப்பதில் வியப்பில்லை.

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் பக்கம் ஓட முயல வேண்டாம். அன்று அது மெழுகுவத்திக்காரர்களின் தடம்.

கேம்ஸ் வில்லேஜ் பற்றி ஒரு சொல். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய அடுக்ககங்கள். பிறகு வீடுகளாகக் கைமாறின. அதன் பக்கத்திலேயே ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிய குடியிருப்பும் இருந்தது. கட்டடங்கள் சரிந்தபின் ஜனங்கள் தகர ஷெட்டுகளில் இருந்தார்கள். 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. சுமார் 1,500 குடும்பங்கள். பிறகு வருடக்கணக்கில் அந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. தடையில்லாத காட்சி என்று சொன்னால் ஈஜிபுராவில் அது ஒன்றுதான். இதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று நம்மால் தீர்மானிக்க முடியவில்லை. தனியே விட்டிருக்கிறோம்.

இனி உடற்தகுதி. காலை ஆறு மணிக்கு நூறடி ரோட்டில் நின்றால் இரண்டு வகை ஓட்டக்காரர்களைக் காணலாம். ஒரு வகையினர் பளபளக்கும் ஷூவோடு, கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடுகிறார்கள். இன்னொரு வகையினர் ஹவாய் செருப்போடு, பிளாஸ்டிக் கவரில் டிபன் பாக்ஸை இடுக்கிக்கொண்டு, கடிகாரம் இல்லாமலே நேரம் தெரிந்து ஓடுகிறார்கள். வேகத்தில் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் வகையினர் ஓடியபடியே பேசவும் செய்கிறார்கள், இது உயர்ந்த நுரையீரல் திறனுக்கு அடையாளம். அவர்களில் ஒரு அம்மாவிடம் பயிற்சி முறை பற்றி விசாரித்தோம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். நிற்கவில்லை, நாம்தான் கூடவே ஓட வேண்டியிருந்தது.

"மேடம் ஆறரைக்கு ஓடப் போயிடுவாங்க சார். அதுக்குள்ள நான் போய் பாப்பாவப் பார்த்துக்கணும். லேட்டாப் போனா அவங்க ஓட்டம் கெட்டுடும்."

இக்கூற்றின் ஆய்வுப் பெறுமதி பெரிது. ஒருவர் ஓடுவதற்கு இன்னொருவர் முன்னால் ஓடியாக வேண்டும். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவார்கள். இங்கே குழந்தையைக் கைமாற்றுகிறார்கள். பதக்கம் வாங்குவது கடைசியில் ஓடுபவர் மட்டும் என்பது விதிமுறையில் உள்ள ஓட்டை.

கடைசியாக ஒரு களச்சோதனை. ஷார்ட்ஸும் பனியனுமாக ஈஜிபுரா மெயின் ரோட்டில் நாமே ஓடிப் பார்த்தோம். பின்னால் வந்த பி.எம்.டி.சி. பஸ் நம்மைத் தாண்டிப் போய் நின்றது. நிறுத்தம் இல்லாத இடம். கண்டக்டர் படியில் தொங்கியபடி "பேக பன்னி, பேக பன்னி" (சீக்கிரம் வாங்க) என்று கையை ஆட்டினார். வேண்டாம் என்று சைகை காட்டினோம். அவருக்குப் புரியவில்லை, உள்ளே இருந்தவர்களும் ஜன்னல் வழியே "மெதுவா வாங்க சார், நிக்கும்" என்று தைரியம் சொன்னார்கள். முழு பஸ்ஸும் நமக்காகக் காத்து நிற்க, ஆய்வு நெறி கருதி ஏறிக்கொண்டோம். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, நம் வியர்வையைப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் அக்கறையாகச் சொன்னார்:

"நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புங்க சார். ஓட வேண்டியிருக்காது."