பில் புக்கு இருக்குதா கண்ணு?

ஏங்கண்ணு, நீ ஏதோ பிராண்டு ஆரம்பிச்சிருக்கயாமா? கொல்லிமலை ராகி பிஸ்கோத்து. டப்பாவப் பாத்தேன், மின்னுது. உள்ளார இருக்கறதும் மோசமில்ல, ரெண்டு தின்னு பாத்தேன். போன்ல 40,000 பேரு உன்ற பின்னால வாராங்களாமா. சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. மல்லசமுத்திரத்துல பஸ்ஸ உட்டு எறங்கி, முக்குக் கடையில போயி நின்னா உன்ற பிஸ்கோத்துக் கெடைக்குமா?

கெடைக்காது. அங்க பாட்டில்ல இருக்கறது பேரு கூடத் தெரியாத பிஸ்கோத்து. ஆனாப் பாட்டிலு பொழுதோட காலியாயிருது. ஊரெல்லாம் ஒறவு, ஒரு வாய்ச் சோறில்லைன்னு சும்மாவா சொன்னாங்க?

"நாங்க நேராக் கஸ்டமர்கிட்டயே போயிருவோம் தாத்தா"ன்னு நீ சொல்லுவ. எதுக்குச் சாமி போற? அவன்தான் தெனமும் கடைக்கு வாரானே! பத்து ரூவாச் சரக்குக்குக் கூரியர் காசு சரக்கு வெலைய விட எச்சு. அதுக்காக அஞ்சு டப்பாவச் சேத்திக் கட்டி 'காம்போ'ங்கற. கூலிக்குப் போயிட்டு வாரவ அஞ்சு டப்பாவ வாங்கி என்ன பண்ணுவா? அவளுக்கு வேண்டியது இன்னிக்குப் பையனுக்கு ஒரு பாக்கெட்டு. இந்த நாட்டுல சோப்பு, பிஸ்கோத்து, டீத்தூளு விக்கறதுல முக்காப் பங்குக்கு மேல இன்னும் மளிகைக்கடை, பெட்டிக்கடை வழியாத்தான் போவுது. ஹிந்துஸ்தான் யுனிலீவர்காரன் சரக்கு 90 லட்சம் கடைக்குப் போவுதுன்னு அவனே சொல்லிக்கறான். அத்தனை பெரிய கம்பெனிக்குக் கடை வேணும், உனக்கு வேண்டாமா?

ஒரு நா முச்சூடும் கடையில குந்திப் பாரு. காலைல ஒருத்தி வருவா. "அண்ணா, ஷாம்பு ரெண்டு குடுங்"ம்பா. என்ன ஷாம்புன்னு சொல்ல மாட்டா. கடைக்காரரு திரும்பிக்கூடப் பாக்காமக் கைய மேல நீட்டுவாரு. எட்டுற சரத்துல ரெண்டக் கிழிச்சுக் குடுப்பாரு. அவளும் வாங்கிட்டுப் போயிருவா. எந்தச் சரம் கைக்கு எட்டுதோ அதுதான் அன்னிக்குப் பிராண்டு. கோடி ரூவா குடுத்து நடிகைய ஆட வெச்ச கம்பெனியோட சரம் பின்னால ஆணியில கெடந்தா, அந்தம்மா ஆடுனது ஆடுனதுதான்.

முன்னால இருக்கற ஆணி சும்மா வருமா? வாரத்துக்கொருக்கா, கடை கடையாச் சரக்குப் போடற ஆளு லைனுக்கு வரோணும். பழைய பாக்கிய வாங்கோணும், புதுசுக்குப் பில்லுப் போடோணும். எலி கடிச்சது, தேதி போனது, மழையில நனைஞ்சது எல்லாத்தையும் மூஞ்சியச் சுளிக்காமத் திருப்பி எடுத்துக்கோணும். கடைக்காரரு மொதல்ல கேக்கறது, "ஸ்கீம் என்ன?" அடுத்தாப்புல, "காசு வார வாரம் வாங்கிக்கறயா?" உன்ற பிஸ்கோத்துல நாருச்சத்து எத்தனைன்னு அவரு கேக்க மாட்டாரு, நீயாச் சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு. சரக்கு முறுக்கா செட்டியார் முறுக்கான்னு பழைய ஆளுக கேப்பாங்க. எனக்கென்னமோ லைன்காரன் முறுக்குன்னுதான் படுது.

கடலூர்ல சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தரு இருந்தாரு. பாட்டில்ல வந்த ஷாம்புவச் சின்னப் பாக்கெட்டுல அடைச்சவரு. பணக்காரன் தேய்க்கறதக் கூலிக்காரனும் தேய்க்கோணும்ங்கறது அவரு ரோசனை. அவரு மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூவாயோட தனியா வந்து சிக் ஷாம்பு போட்டாரு. எதுத்தாப்புல பெரிய பெரிய கம்பெனிக. என்ன பண்ணுனாரு தெரியுமா? எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டா இருந்தாலுஞ் செரி, அஞ்சு கொண்டாந்து கடையில குடு, ஒரு சிக் சும்மா வாங்கிக்கன்னாரு. சனம் பழகுனதும், "இனிமே சிக் காலிப் பாக்கெட்டு மட்டுந்தான்"னுட்டாரு! சூட்சுமத்தப் பாத்தயா? சனம் கடையில போயி சிக் இருக்குதான்னு கேட்டுது. கேக்கக் கேக்கக் கடைக்காரரு வாங்கி வெச்சே ஆகோணும். ஊரூராப் போயிப் பசங்க தலைக்கு ஷாம்புவப் போட்டுக் குளிப்பாட்டியுங் காட்டுனாங்க. நீ தலைக்கு மேல ட்ரோன் உட்டுப் படம் புடிக்கற. இன்னிக்கு கெவின்கேர்ங்கறது சிக் போட்ட அந்தக் கம்பெனிதான்.

அருண் ஐஸ்கிரீமும் அப்படித்தான். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல 13,000 ரூவாயப் போட்டுச் சென்னை ராயபுரத்துல ஆரம்பிச்சாரு. பட்டணத்துக் கடைகளப் பெரியவங்க புடிச்சு வெச்சிருந்தாங்க. அவரு அங்கயே மல்லுக்கு நிக்காம ஊர்நாட்டுப் பக்கம் வந்து, சின்ன டவுனுகள்ல அருண்னு போர்டு மாட்டுனாரு. நம்ம கருமாபுரத்துல பால் ஆலை ஓடுதே, ஹட்சன், அது அவரோடதுதான்.

கடைக்காரரு கைய மடக்கிட்டா என்னாகும்னும் நாம பாத்தோமே. 2017-ல, சல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச சூட்டுல, வெள்ளையனோட வணிகர் பேரவையும் விக்கிரமராஜாவோட வணிகர் பேரமைப்பும் மார்ச் 1-லருந்து கோக்கும் பெப்சியும் விக்கறதில்லைன்னு சொன்னாங்க. விளம்பரம் டிவியில ஓடிட்டுத்தான் இருந்துது. நடிகரு குடிச்சுட்டுத்தான் இருந்தாரு. கடைக்காரரு "இல்லீங்"ன்னாரு, தீந்துது சோலி. அந்த எடத்துல போவண்டோ வந்து குந்திக்கிச்சு. அதப் போடற காளிமார்க் 1916-லருந்து இருக்கற கம்பெனி, அவங்களுக்குக் கடைக்கு வழி தெரியும். நாளு போகப் போகக் கோக்கும் பெப்சியும் திரும்பி வந்துருச்சுங்கறது வேற நாயம். ஆனா வந்ததும் அதே கடை வழியாத்தான்.

இதெல்லாம் கெழவன் காலத்துக் கதைங்கறயா? உங்காலத்துக் கதையே சொல்றேன். 2016-ல மாமாஎர்த்னு டில்லிப் பக்கத்து க்ரீம் கம்பெனி போன்லயே வித்து வளந்துது. 2023 நவம்பர்ல பங்குச் சந்தைக்கும் வந்துது. பெருசாகோணும்னா கடைக்கு வந்துதானே ஆகோணும்? வந்தாங்க. எடையில இருந்த பெரிய ஸ்டாக்கிஸ்டுகளத் தள்ளிட்டு, நேரா டிஸ்ட்ரிபியூட்டர வெக்கறோம்னு மாத்துனாங்க. அப்படி மாத்துன காலாண்டுல நட்டம். 2024 நவம்பர் 18-ல ஒரே நாள்ல பங்கு 20 சதம் எறங்குச்சு. க்ரீம் கெட்டுப் போச்சா? இல்ல. விளம்பரம் நின்னு போச்சா? அதுவும் இல்ல. கம்பெனிக்கும் கடைக்கும் நடுவுல இருக்கற தடத்துல கை வெச்சாங்க, அவ்வளவுதான்.

"பத்து நிமிசத்துல ஊட்டுக்கே கொண்டாராங்களே"ம்ப. அவங்க சரக்கு என்ன ஆகாசத்துலயா இருக்குது? பக்கத்துத் தெருவுல ஒரு கட்டடம், அலமாரி, அடுக்கி வெச்ச சரக்கு. அதுவும் கடைதான், நாம உள்ள போக முடியாது. அந்த அலமாரியிலயும் உன்ற டப்பாவுக்கு எடம் கேட்டுக் கெஞ்சோணும்.

பிஸ்கோத்து சந்துமுனைக் கடைக்கே போய்ச் சேரல, அதுக்குள்ள பெங்களூருல ஹோர்டிங் வெக்கோணும்ங்கற. பொண்ணே பாக்காமப் பத்திரிகை அடிச்ச கதை இது. காசுமீரத்துக்கே சரக்கு ஏத்திட்டுப் போற லாரிக்காரங்க நாமக்கல்லுல. பெட்டிக்கடை தவறாம அட்டையோட முட்டை போய் எறங்கறது இங்கிருந்து. அந்த ஊர்ல பொறந்துட்டுச் சரக்கு எப்படிப் போய்ச் சேருதுன்னு லேப்டாப்புல தேடறயே கண்ணு!

செரி, போதும். ராசிபுரத்துலருந்து ஆட்டையாம்பட்டி வரைக்கும் ஒரே ஒரு லைன் புடி. பத்து ரூவாப் பாக்கெட்டு போடு. கடைக்கு ஒரு டசன் குடு, அடுத்த வாரம் அதே கெழமை அதே நேரத்துக்குப் போயி நில்லு. விக்காதத மறுபேச்சில்லாம எடுத்துக்க. ஒரு கடையில ரெண்டாந்தரம் அவங்களா ஆர்டர் குடுத்தாங்கன்னா அப்ப எங்கிட்ட வா, பெங்களூரு ஹோர்டிங்குக்கு நானே பணந் தாரேன். நாளைக்கு வெடியால ராசிபுரத்துக்குப் போற மொத பஸ்ஸப் புடி. சாம்பிளோட பில் புக்கையும் எடுத்துக்க. ட்ரோன் ஊட்லயே கெடக்கட்டும்.